டிஜிட்டல் போர்ட்ஃபோலியோவை வைத்து மாணவ ஆசிரியரின் கற்றலை மதிப்பிட முடியுமா?

கேள்வி இது: "ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இந்த ஆண்டு முதல் ரெக்கார்ட் நோட்டுக்குப் பதிலாக டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ என்று சொல்லிவிட்டார்கள். என் பொறுப்பில் 40 மாணவ ஆசிரியர்கள். காகிதத்தில் இருந்தது பிடிஎஃப் ஆவதைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது? இதற்கு நியாயமாக மதிப்பெண் போட முடியுமா?"

முடியும். போர்ட்ஃபோலியோ என்பது மாணவ ஆசிரியர் தன் பாடக்குறிப்பு, வகுப்பு வீடியோ, பிள்ளைகளின் வேலை, அதைப் பற்றிய தன் யோசனை எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் தொகுப்பு. ஆனால் உங்கள் சந்தேகம் வீண் சந்தேகமில்லை. பல இடங்களில் நடப்பது ரெக்கார்ட் நோட்டை ஸ்கேன் செய்து ஏற்றுவதுதான். பாடக்குறிப்பு இருபது, துணைக்கருவிகளின் போட்டோ பத்து, கருத்தரங்குச் சான்றிதழ்கள், 'என் கற்பித்தல் தத்துவம்' என்று ஒரு பக்கம், எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். அதைப் பார்த்து இவர் சேகரித்திருக்கிறார் என்று சொல்லலாம். கற்றிருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

பல ஆண்டுகள் இதைத் திருத்தியபின் நான் தேடுவது ஒன்றே ஒன்றுதான். வகுப்பில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று பார்த்து, இந்த மாணவ ஆசிரியர் தன் அடுத்த பாடத்தில் எதையாவது மாற்றினாரா? அந்தக் கண்ணி கண்ணுக்குத் தெரிந்தால் மதிப்பெண் போடலாம். தெரியவில்லை என்றால் இருநூறு பக்கம் இருந்தாலும் போடுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஒரு போர்ட்ஃபோலியோவைத் திறந்து காட்டுகிறேன். பின்னங்களின் கூட்டல் பாடம். முதல் வகுப்பு முடிந்ததும் அந்த மாணவ ஆசிரியை எழுதியிருந்தது: "பாடம் திட்டமிட்டபடி முடிந்தது. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். நேர மேலாண்மையில் இன்னும் கவனம் தேவை." இந்த மூன்று வாக்கியங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தப் பாடத்துக்கு அடியில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வகுப்பிலிருந்து ஆறு நோட்டுகளை, பெயரை மறைத்துவிட்டு, படமெடுத்துப் போடச் சொன்னேன். நன்றாகப் படிக்கும் இருவர், நடுத்தரமாக இருவர், தடுமாறும் இருவர். ஆறில் நான்கு நோட்டுகளில் 1/3 + 1/4 = 2/7 என்று இருந்தது. அதற்கு அவர் எழுதிய குறிப்பு: "கவனக்குறைவு."

பக்கத்தில் நான் ஒரே ஒரு வரி கமென்ட் போட்டேன்: "2/7 பெரிதா, 1/3 பெரிதா?"

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 1/3 என்பது 7/21, 2/7 என்பது 6/21. ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டிய பிறகு விடை முன்பிருந்ததைவிடக் குறைந்திருக்கிறது; நான்கு பிள்ளைகளுக்கும் அது உறுத்தவே இல்லை. "இது கவனக்குறைவு இல்லை. மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று இரண்டு தனித்தனி எண்களாகத்தான் பார்க்கிறார்கள். பின்னம் என்ற ஒரே அளவாகப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தார். அடுத்த பாடக்குறிப்பில் விதி பின்னால் போய்விட்டது. முதலில் காகிதப் பட்டைகள், அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: "விடை பாதியைவிடக் கூடுமா, குறையுமா?" சரியான விடை 7/12 என்பதால் பாதியைத் தாண்டும். கணக்குப் போடுவதற்கு முன்பே பிள்ளைகள் அதைப் பட்டையை வைத்துப் பார்த்துவிட்டார்கள். அடுத்த ஆறு நோட்டுகளில் ஒருவர்தான் இன்னும் கீழ் எண்களைக் கூட்டியிருந்தார். ஆனால் வேறு இருவர் 12 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நின்றிருந்தார்கள். அதையும் அவரே கண்டுபிடித்து எழுதினார்: "மீச்சிறு பொது மடங்கு என்று சொல்லித் தாண்டிவிட்டேன்."

பன்னிரண்டு போட்டோ, ஒரு கேள்வி, திருத்திய ஒரு பாடக்குறிப்பு. மொத்தமும் நான்கு திரைப் பக்கம் வராது. இதற்கு நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் உயர்ந்த மதிப்பெண் போட்டேன். இரண்டாம் முறையும் பாடம் முழுதாக வெற்றியடையவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் மதிப்பெண் குறையவில்லை.

இதைக் காகிதத்திலேயே செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் காகிதத்தில் பழைய தவறு நிலைக்காது. 'கவனக்குறைவு' என்ற சொல்லை அடித்துவிட்டு, அல்லது அந்தத் தாளையே கிழித்துவிட்டு, நல்ல கையெழுத்தில் புதிதாக எழுதிக்கொண்டு வருவார்கள். ரெக்கார்ட் நோட்டு என்றாலே பிழையில்லாத பிரதி என்றுதான் நாம் பழக்கியிருக்கிறோம். டிஜிட்டலில் பழைய பதிவு தேதியோடு அப்படியே இருக்கும், மேலே கமென்ட் இருக்கும், அதற்குக் கீழே பதில் இருக்கும். மார்ச்சில் ஒருவர் என்ன நினைத்தார், மே மாதத்தில் என்ன நினைக்கிறார் என்பதை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். திருத்த வரலாற்றைக் காட்டும் மென்பொருளாகத் தேர்ந்தெடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அடுத்தது வீடியோ. ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். சராசரி சுமார் ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்லாமல் விட்டுவிடுவது குறைகிறது என்று கண்டார். மாணவ ஆசிரியர்களிடம் இதைப் பாடமாக நடத்தினால் தலையாட்டுவார்கள். தன் வீடியோவை ஓட்டி, கேள்வி முடியும் இடத்திலிருந்து தன் வாயே மறுபடி திறக்கும் இடம்வரை ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணச் சொல்லுங்கள். பத்துக் கேள்விகள் போதும். முகம் மாறிவிடும். ஆறு வாரம் கழித்து எடுத்த வீடியோவில் அதே எண்ணிக்கையை மறுபடி செய்து, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஒரு சான்று. மேற்பார்வையாளர் பின்வரிசையில் உட்கார்ந்து 'நன்று' என்று எழுதிக் கொடுக்கும் தாளால் இதைச் செய்ய முடியாது.

ஆசிரியர்களை மதிப்பிடப் போர்ட்ஃபோலியோவைப் பயன்படுத்தும் யோசனை இணையத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மனின் குழு இதில் இறங்கியது. எழுத்துத் தேர்வால் ஒருவருடைய கற்பித்தலைப் பிடிக்க முடியவில்லை, வகுப்பறைக்குள் ஒருநாள் எட்டிப் பார்ப்பதாலும் முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. பத்தாண்டு கழித்து, 1998-ல், அதே ஷுல்மன் போர்ட்ஃபோலியோவில் ஐந்து ஆபத்துகள் இருப்பதாக எழுதினார். உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட வெளிப்பூச்சு முக்கியமாகிவிடுவது. தயாரிக்கும் உழைப்பு பயனை மீறிவிடுவது. அற்பமான விஷயங்கள் சேர்வது. பெரிய முடிவுகளுக்குப் பயன்படுத்தப்போய், எந்தத் தேர்வுக்கு மாற்றாக வந்ததோ அதுவாகவே திரிந்துவிடுவது. ஒருவருடைய சிறந்த இரண்டு நாளைப் பார்த்துவிட்டு அதுவே அவருடைய வழக்கம் என்று நாம் நம்பிவிடுவது. டிஜிட்டல் ஆனதும் முதல் ஆபத்து பல மடங்கு கூடிவிட்டது. டெம்ப்ளேட், பேனர், பின்னணி இசை, சறுக்கி வரும் எழுத்து. (அழகான ஒரு முகப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நானே இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டதுண்டு. அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே வெற்று டெம்ப்ளேட்தான்.)

நான்காவது ஆபத்து எப்படி உண்மையாகும் என்பதற்கு அமெரிக்காவின் எட்-டிபிஏ நல்ல பாடம். ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கி 2013-ல் நாடளவில் நடைமுறைக்கு வந்த மதிப்பீடு அது. மூன்று முதல் ஐந்து வகுப்புகள் கொண்ட ஒரு பாடத்தொடர், வீடியோத் துண்டுகள், மாணவர்களின் எழுத்து வேலை, விளக்கக் கட்டுரைகள். பெரும்பாலான பாடங்களுக்கு 15 அளவுகோல்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை, மொத்தம் 75. அமைப்பாகப் பார்த்தால் மிக நேர்த்தியானது; திட்டமிடல், கற்பித்தல், மதிப்பிடல் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியது. ஆனால் பல மாநிலங்களில் ஆசிரியர் உரிமமே அந்த மதிப்பெண்ணில் தொங்கியது. கட்டணம் 300 டாலர். திருத்துபவர் மாணவ ஆசிரியரை அறியாத வெளியாள். உரிமம் தொங்கும்போது, "மீச்சிறு பொது மடங்கு என்று சொல்லித் தாண்டிவிட்டேன்" என்று தன் தவறை எவர் எழுதுவார்? ஜார்ஜியா 2020-லும் நியூயார்க் 2022-லும் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டன. அமைப்பு மோசம் என்று நான் இதைச் சொல்லவில்லை. அதிலிருந்த மூன்று பகுதிப் பிணைப்பை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இங்கே உங்களுக்கு ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, இதைத் தள்ளிப்போட வேண்டாம். மாணவ ஆசிரியர்களின் போர்ட்ஃபோலியோ மூன்று வேலைக்கு இருக்கலாம்: கற்றுக்கொள்ள, தேர்ச்சி கொடுக்க, வேலை தேடும்போது காட்ட. ஆசிரியர் கல்வி ஆய்வாளர்களான கென் ஸைக்னரும் சூசன் ரேயும் 2001-லேயே இதைப் பிரித்துக் காட்டினார்கள். மூன்றையும் ஒரே ஃபோல்டரில் செய்யச் சொன்னால் மூன்றாவதுதான் ஜெயிக்கும். நான் முதல் ஆண்டு செய்த தவறே அதுதான். முப்பது இனங்கள் கொண்ட ஒரு பட்டியல் கொடுத்து, எல்லாம் இருந்தால் முழு மதிப்பெண் என்றேன். ஏற்றிய நேரத்தைப் பிறகு பார்த்தேன்: பாதிக்கு மேல் கடைசி நாள் இரவு பத்து மணிக்கு மேல் வந்தவை. ஒருவர் மூன்று மாத மீள்நோக்குகளை (எடுத்த வகுப்பைத் திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்புகளை) நாற்பது நிமிடத்தில் ஏற்றியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது; நான் கேட்டதைக் கொடுத்தார்.

இப்போது இரண்டு இடங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று பட்டறை. அதில் எல்லாம் கிடக்கும்: சொதப்பிய வகுப்பு, பாதி எழுதிய குறிப்பு, என் கமென்ட், அதற்கு எதிர்வாதம். அதற்கு மதிப்பெண் கிடையாது. வாராவாரம் எழுதினார்களா என்று மட்டும் பார்ப்பேன். மற்றது காட்சி அறை. பருவ முடிவில் பட்டறையிலிருந்து மூன்று கோவைகளை (ஒரு பாடத்தின் சான்று, குறிப்பு, மாற்றிய பாடம் எல்லாம் சேர்ந்தது ஒரு கோவை) மட்டும் அவர்களே தேர்ந்தெடுத்து அங்கே வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏன் இதை எடுத்தேன் என்று அரைப்பக்கம். மதிப்பெண் இதற்குத்தான். மூன்றில் ஒன்றாவது எதிர்பார்த்தபடி நடக்காத வகுப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. மின் போர்ட்ஃபோலியோ பற்றி நெடுங்காலம் எழுதிவந்த ஹெலன் பாரெட் இந்த இரு முகங்களைப் பற்றி ஏற்கெனவே பேசியிருக்கிறார். எனக்கு அது அடி வாங்கித்தான் புரிந்தது.

இனி மதிப்பெண்ணின் நியாயம். உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

இரண்டு பேர் திருத்தினால் ஒரே மதிப்பெண் வருமா? 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் பள்ளி மாணவர்களின் போர்ட்ஃபோலியோக்களை மாநில அளவில் திருத்திப் பார்த்தபோது, திருத்துபவர்களிடையே ஒற்றுமை மிகக் குறைவாக இருந்ததை டேனியல் கோரெட்ஸ் குழுவின் ஆய்வு காட்டியது. ஆகவே "எங்கள் ஆசிரியர்கள் அனுபவசாலிகள்" என்பது பதிலாகாது. அதே சமயம் யாராவது "எங்கள் திருத்துநர்களிடையே 90 சதவீதம் ஒத்துப்போகிறது" என்றால் உடனே நம்பியும் விடாதீர்கள். எதை ஒத்துப்போவது என்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் 'ஒரே மதிப்பெண், அல்லது ஒன்று கூடக்குறைய' என்பதை எண்ணியிருப்பார்கள். 1 முதல் 5 வரையான அளவுகோலில் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு எண்ணைப் போட்டால் 25 சாத்தியங்கள். அதில் 5 ஒரே எண், 8 அடுத்தடுத்த எண். ஆக 13/25, அதாவது 52 சதவீதம், போர்ட்ஃபோலியோவைத் திறக்காமலே கிடைக்கும். அதிலும் மனிதர்கள் 1-உம் 5-உம் போடத் தயங்குவார்கள். 2, 3, 4 மட்டுமே போட்டால் ஒன்பதில் ஏழு, 78 சதவீதம். எட்-டிபிஏயின் நம்பகத்தன்மைக் கணக்குகளை ஆய்வாளர் ட்ரூ கிடோமரின் குழு விமர்சித்தபோது இந்த விஷயமும் அதில் இருந்தது.

நான் செய்வது மிக எளிது. அளவுகோல்களை மூன்றாகக் குறைத்தேன். சான்றில் பிள்ளைகளின் வேலை இருக்கிறதா, அதை அவர் சரியாக வாசித்திருக்கிறாரா, அந்த வாசிப்பால் அடுத்த பாடம் மாறியிருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலை. நடுவில் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் இரட்டை எண். நிலைகளை 'சிறப்பு', 'நன்று', 'திருப்தி' என்று எழுதாதீர்கள், அவை எதையும் சொல்வதில்லை. இரண்டாவது அளவுகோலுக்கு என் விளக்கம் இப்படி இருக்கும்: முதல் நிலை, "பிள்ளைகளுக்குப் புரிந்தது அல்லது புரியவில்லை என்று மட்டும் சொல்கிறார்." இரண்டாம் நிலை, "எத்தனை பேர் தவறு செய்தார்கள் என்று எண்ணுகிறார்." மூன்றாம் நிலை, "என்ன தவறு என்று பிரித்துச் சொல்கிறார்." நான்காம் நிலை, "அந்தத் தவறுக்குப் பின்னால் பிள்ளை எப்படி யோசித்திருக்கும் என்று சொல்கிறார். அது சான்றோடு பொருந்துகிறது." பின்னப் பாடத்து ஆசிரியை 'கவனக்குறைவு' என்று எழுதிய நாளில் இரண்டைத் தாண்டவில்லை. பதில் எழுதிய நாளில் நான்கில் இருந்தார்.

பருவத் தொடக்கத்தில் உடன் திருத்தும் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, போன ஆண்டின் ஐந்து கோவைகளை ஆளுக்கு ஆள் பார்க்காமல் திருத்தி, பிறகு எண்களை மேசைமேல் போடுங்கள். எங்கே இரண்டு நிலை வித்தியாசம் வருகிறதோ அங்கே பேசுங்கள். ஒரு மதியம் போதும். மாணவ ஆசிரியர்களையும் இதில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. 'மீள்நோக்கு எழுது' என்று பத்து முறை சொல்வதைவிட, மற்றவருடையதற்கு நிலை குறிக்கும்போது சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

மதிப்பெண்ணே போடாமல் வரிசைப்படுத்தும் வழி ஒன்றும் உண்டு. இரண்டு போர்ட்ஃபோலியோக்களை அருகருகே வைத்து எது மேல் என்று மட்டும் சொல்வது. பலபேர் பல ஜோடிகளைப் பார்த்தால் கணக்கியல் முறையில் ஒரு வரிசை பிறக்கும். இதன் கோட்பாடு 1927-ல் அமெரிக்க உளவியலாளர் தர்ஸ்டன் எழுதியது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் ரிச்சர்ட் கிம்பெல் நடத்திய இ-ஸ்கேப் திட்டத்தில் பள்ளி மாணவர்களின் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோக்களை இப்படி மதிப்பிட்டார்கள். உங்கள் 40-ல் ஒவ்வொன்றும் பத்துமுறை ஒப்பிடப்பட வேண்டுமென்றால் 200 ஒப்பீடுகள். ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு 40. மனிதர்கள் ஒப்பிடுவதில் கெட்டிக்காரர்கள் என்பதால் இது நன்றாகவே வேலை செய்கிறது. குறை என்னவென்றால், மாணவருக்கு 'நீ பதினேழாவது' என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. பின்னூட்டம் முக்கியமான ஆசிரியர் கல்விக்கு இதை நான் முதன்மை முறையாக வைக்க மாட்டேன்.

மீள்நோக்கு எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹாட்டன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-ல் இவ்வகை எழுத்தை நான்காகப் பிரித்தார்கள்: நடந்ததை விவரிப்பது, காரணம் சொல்லி விவரிப்பது, தனக்குள் வாதாடிப் பார்ப்பது, பெரிய சமூகச் சூழலில் வைத்து விமர்சிப்பது. பாடமாக நடத்த நல்ல பகுப்பு. ஆனால் இதையே மதிப்பெண் ஏணியாக்கினால் வகுப்பில் பெஞ்சு வரிசையை மாற்றியதற்கெல்லாம் சமூக நீதி பேசும் பத்திகள் வரும், நானே வாசித்திருக்கிறேன். மீள்நோக்குக்காக கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988-ல் தந்த ஆறு கட்டச் சுழற்சிக்கும் இதே கதி: விவரி, உணர்ந்ததைச் சொல், மதிப்பிடு என்று கட்டம் கட்டமாக நிரப்பிவிடுகிறார்கள். எழுத்துத் திறன் உள்ளவர் ஜெயிக்கிறார். கற்பிப்பதில் கெட்டிக்காரராக இருந்தும் எழுத வராதவர் பின்தங்கிவிடுகிறார். அதனால் மீள்நோக்கை ஒலிப்பதிவாகவும் தரலாம் என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிடம், வீடியோவில் எந்த நிமிடத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று சொல்லிப் பேச வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. "நேர மேலாண்மையில் இன்னும் கவனம் தேவை" ரக மீள்நோக்கை இயந்திரம் நம் மாணவர்களைவிடச் சரளமாக எழுதும். கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பாதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. தப்பு செய்யாத ஒருவரைக் குற்றவாளியாக்குவது நமக்குத் தேவையா? ஒவ்வொரு பதிவிலும் ஒரு பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும், வீடியோவின் நிமிடம் குறிக்க வேண்டும், நோட்டின் படம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதியை வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, தீர்க்கும்.

வைவா என்றதும் அரைமணி நேரக் குறுக்குவிசாரணை வேண்டாம். பத்து நிமிடம், திரையில் அவருடைய போர்ட்ஃபோலியோ திறந்திருக்கும், மூன்று கேள்விகள். இந்த ஆறு நோட்டுகளை ஏன் எடுத்தீர்கள், வேறு எதை விட்டீர்கள்? இந்த வீடியோவில் இந்தப் பிள்ளை இப்படிச் சொன்னபோது உங்கள் மனதில் என்ன ஓடியது? இதே பாடத்தை நாளை மறுபடி எடுத்தால்? சொந்தமாக உழைத்தவர் முதல் கேள்விக்கே மடைதிறந்தாற்போல் பேச ஆரம்பித்துவிடுவார். இயந்திரத்தைக் கொண்டு மொழியைச் சீர்செய்துகொண்டவரும் பேசுவார். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. எழுத்துக்கும் பேச்சுக்கும் முரண் வந்தால் பேச்சை நம்பி மதிப்பெண் போடுகிறேன்.

மென்பொருள் எது என்று கேட்பார்கள். அதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். மஹாரா திறந்த மூல மென்பொருளாக நியூசிலாந்தில் 2006-ல் தொடங்கியது; மாவோரி மொழியில் 'எண்ணம்' என்று பொருள், மூடில் என்ற இணையவழிப் பாடத் தளத்தோடு சேர்ந்து வேலை செய்யும். சர்வரைப் பராமரிக்க ஆள் இருந்தால் அது. இல்லையென்றால் கூகுள் சைட்ஸ் போதும். படிப்பு முடிந்து கல்லூரிக் கணக்கு மூடப்படும்போது மாணவர் தன் கோப்புகளை எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதை மட்டும் முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிட வீடியோ, 720பி தரத்தில், விநாடிக்கு 2.5 மெகாபிட் என்றால் சுமார் 94 எம்பி. ஆளுக்கு நான்கு என்றால் 375 எம்பி. 40 பேருக்கு 15 ஜிபி. ஒரே ஒரு இலவசக் கூகுள் கணக்கின் மொத்தக் கொள்ளளவு அது. எனவே முழு வகுப்பையும் ஏற்றச் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடத்தை வெட்டி எடுப்பதே ஒரு பயிற்சி, எந்த ஐந்து என்று முடிவு செய்யத்தானே வேண்டும்.

பிள்ளைகளின் முகம் விஷயத்தில் மட்டும் தளர்ந்துவிடாதீர்கள். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல், பள்ளியின் அனுமதி, இரண்டும் கேமரா உள்ளே போவதற்கு முன். பிள்ளை வேண்டாம் என்றால் அதுவும் மறுப்புத்தான். மறுத்த பிள்ளையைத் தனியே உட்கார வைத்து அடையாளம் காட்டாமல், கேமராவைப் பின்னால் வைத்து ஆசிரியர் முகமும் பிள்ளைகளின் முதுகும் தெரிகிறாற்போல் எடுங்கள். குரல்தான் நமக்கு வேண்டும். யூடியூபில் 'பட்டியலிடப்படாதது' என்று ஏற்றினால் தனிப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இணைப்பு கையில் கிடைத்த எவரும் பார்க்கலாம். போனில் எடுத்த போட்டோவுக்குள் இடக் குறிப்பு ஒளிந்திருக்கும், அதை நீக்கிவிட்டு ஏற்ற வேண்டும். நோட்டுப் பக்கத்தின் மூலையில் பெயர் தெரியும். முடிவு வந்த எத்தனை நாளில் வீடியோக்கள் அழிக்கப்படும் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதி, அந்தத் தேதியில் அழித்தும் விடுங்கள். காட்சி அறையை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட விரும்பினால், பிள்ளைகள் இல்லாத பதிப்பாகத் தனியே ஒன்று செய்துகொள்ளட்டும்.

கடைசியாக நேரம், ஏனென்றால் உங்களை முடிவில் கைவிடப்போவது அதுதான். ஒருவருக்குப் பருவத்தில் நான்கு முறை, முறைக்குப் பத்து நிமிடம் கமென்ட் என்றால் 1600 நிமிடம், ஏறக்குறைய 27 மணி. காட்சி அறையை வாசிக்க 25 நிமிடம், வைவாவுக்கு 10 என்றால் 1400 நிமிடம், 23 மணி. மொத்தம் 50 மணி நேரம். இது உங்கள் பணிப்பளுவில் கணக்கில் வருமா என்று தொடங்குமுன் எழுத்தில் கேளுங்கள். வராது என்றால் நான்கு கமென்ட்டை இரண்டாக்குங்கள், ஆனால் அந்த இரண்டும் முதல் ஆறு வாரத்துக்குள் விழட்டும். பருவ முடிவில் வரும் கமென்ட்டை வைத்து மாற்றிக்கொள்ள அவர்களுக்கு அடுத்த வகுப்பு இருக்காது.

அலுவலகம் "போர்ட்ஃபோலியோவும் இருக்கட்டும், ரெக்கார்ட் நோட்டும் இருக்கட்டும்" என்று சொல்லும். கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லும். அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டும் கேட்டால் மாணவர்கள் நோட்டில் எழுதியதைப் படமெடுத்து ஏற்றிவிட்டு அக்கடா என்று போய்விடுவார்கள், உங்களுக்குக் கிடைப்பது ஒரே நோட்டின் இரண்டு பிரதி. தணிக்கைக்குத் தாள் வேண்டும் என்றால் காட்சி அறையின் மூன்று கோவைகளை மட்டும் பருவ முடிவில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம் வரும். அந்தப் பன்னிரண்டில் 'கவனக்குறைவு' என்ற பழைய சொல்லும் அதன் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.